ஒரே நிறத்துப் பிச்சை அரிசி

என்னை நல்லவன் என்று நினைத்து யாரும் ஏமாறக் கூடாது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படுக்க இடமில்லாமல் தெருவில் நின்றபோது, திருத்தணி முருகனிடம் அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேட்டவன் நான். என் பாவாவின், அதாவது அக்கா புருஷனின், மூக்குப்பொடியை நிறுத்தச் சொன்னேன். எதிர்வீட்டு எருமையைத் தேடித் தரச் சொன்னேன். மாமன் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கச் சொன்னேன். அசட்டுத்தனத்துக்கு ஒரு பி.ஏ. இருந்தால் முதல் வகுப்பில் தேறியிருப்பேன். நிஜமான பி.ஏ.வில் எனக்குக் கிடைத்தது மூன்றாம் வகுப்பு. அதுவும் முருகன் போட்ட பிச்சை. அந்தக் கதையைத்தான் அடியார்களாகிய உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

நடந்தது 1942-ஆம் வருஷம். நான் பட்டணத்தில் பி.ஏ. கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் பள்ளிப்பட்டு. வீட்டில் குழித்தறி. எங்கள் நெசவுக்காரர் தெருவிலேயே காலேஜ் படி மிதித்த முதல் ஆள் நான்தான். என் அப்பா, நைனா, அதை நூல் கொண்டுவருகிறவனிடம் சொன்னார், சாயம் போடுகிறவனிடம் சொன்னார், சொல்ல ஆள் கிடைக்காத நாளில் தறியிடமே சொன்னார். அவர் என்னைப் படிக்க அனுப்பியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் தறியில் உட்கார்ந்தால் புடவை முக்கோணமாய் வரும்.

பட்டணத்தில் சூளையில், நைனாவுக்கு நூல் கொடுக்கும் வேலாயுத முதலியார் வீட்டு மாடியில் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு விழுந்தது. அடுத்த குண்டு நேராகத் தன் வீட்டு ஓட்டில்தான் என்று முதலியார் முடிவு கட்டிவிட்டார். பாத்திரம் பண்டம், பெண்டு பிள்ளை, பூஜைப் படம் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு திருவாலங்காட்டில் மாமனார் வீட்டுக்குக் கிளம்பினார்.

வாசலில் பூட்டோடு நின்று என்னிடம் சொன்னார். "நீயும் ஊருக்குப் போயிடு தம்பி. உசிரு இருந்தா அடுத்த வருஷம் பரீட்சை எழுதிக்கலாம்."

அந்த நேரத்தில் ஒரு புத்தியுள்ளவன் என்ன செய்திருப்பான்? "சாவியைக் கொடுத்துட்டுப் போங்க, நான் இருக்கேன்" என்று கேட்டிருப்பான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அடுத்த வருஷம் கேள்வித்தாள் ஜப்பான் பாஷையில வருமாங்க?" என்றேன். முதலியார் சிரிக்கவில்லை. பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வண்டியேறிவிட்டார்.

பட்டணத்தில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. தெருத் தெருவாய்ப் பூட்டு. உள்ளே எலி சௌக்கியமாய் இருந்தது. எனக்குத்தான் படுக்க இடமில்லை. காலேஜ் விடுதியை ராணுவத்தார் எடுத்துக்கொண்டார்கள். தெரிந்தவர்கள் எல்லாம் ஊரைவிட்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் காலேஜ் மட்டும் நடந்தது. பங்குனியில் பரீட்சை உண்டு என்று சொல்லிவிட்டார்கள்.

சரி, ரயிலடி உள்ள ஊரில் தங்கி, தினம் ரயிலில் போய் வரலாம் என்று கணக்குப் போட்டேன். பள்ளிப்பட்டுக்கு ரயில் கிடையாது. பெட்ரோல் பஞ்சத்தில் கரி அடுப்பில் ஓடும் பஸ் ஒன்று உண்டு. அது வந்தால் வரும். எங்களுக்குப் பக்கத்து ரயிலடி திருத்தணி. வந்து பார்த்தால், பட்டணத்திலிருந்து ஓடிவந்த ஜனங்கள் திருத்தணியில் மாட்டுக்கொட்டகையைக்கூட விட்டுவைக்கவில்லை. ஒரு கொட்டகையில் மாடு வெளியே நின்றுகொண்டிருந்தது, உள்ளே ஒரு வக்கீல் குடும்பம் இருந்தது.

நான்கு ராத்திரி ஸ்டேஷன் பெஞ்சில் படுத்தேன். சிப்பாய்களை ஏற்றிய ரயில் வந்தால் பெஞ்சிலிருந்து எழுப்பிவிடுவார்கள். புத்தகத்தைத் தலைக்கு வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி கிடப்பேன். அழுதேன் என்று சொல்ல வெட்கமாய் இருக்கிறது. அழுதேன். வருகைப்பதிவு குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். பரீட்சை எழுதாவிட்டால் தறிக்குழி. நைனா தெருவில் தலைகாட்ட முடியாது. முக்கோணப் புடவையை யார் கட்டுவார்கள்?

அப்போதுதான் சரவணப் பொய்கைக்குப் பக்கத்தில் நெசவுக்காரர்கள் கட்டிய காவடி மடம் கண்ணில் பட்டது. எங்கள் ஜனங்கள் கட்டியது. ஆனால் காவடி எடுத்து வருகிறவர்களுக்கு மட்டும்தான் இடம். ஒரு வேண்டுதலுக்கு மூன்று நாள். அந்த மடத்தைப் பார்த்துக்கொண்டவள் மங்கம்மா. நாற்பது வயசிருக்கும். வாயில் எப்போதும் வெற்றிலை. அதனால்தானோ என்னவோ, பேச்சு மிகவும் குறைவு.

ஊருக்குப் போய்ப் பரணிலிருந்து நைனாவின் பழைய காவடியை இறக்கினேன். பிள்ளைக்குப் பக்தி வந்துவிட்டது என்று அம்மா மயிலிறகைத் துடைத்துத் துடைத்துக் கொடுத்தாள். மஞ்சள் வேட்டி, விபூதி, கழுத்தில் மணி. மங்கம்மா எதிரில் போய் நின்றேன்.

"இன்னா வேண்டுதல்?" என்றாள்.

தங்க இடம் வேண்டும் என்பதுதான் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் தங்க இடம் கொடுக்கிறவளிடமே போய் அதைச் சொல்வதா? சிரிப்பு வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தால் வாய் தன் இஷ்டத்துக்குப் போகும். "எங்க பாவா மூக்குப்பொடிய விடணுங்க" என்றேன்.

என் அக்கா புருஷன் தும்மினால் அடுத்த தெருத் தறியில் இழை அறும். அது பொய்யில்லை. ஆனால் அதற்காக யாரும் காவடி எடுப்பதில்லை. மங்கம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மூணு நாள்தான்" என்றாள். பாய் ஒன்றைக் காட்டினாள்.

இப்படித்தான் ஆரம்பித்தது. மூன்று நாள் முடிந்தால் காவடியைத் தோளில் வைத்து மலை ஏறி, வேண்டுதலை முடித்தாக வேண்டும். ஒரு ராத்திரி ஸ்டேஷன் பெஞ்சு. மறுநாள் புது வேண்டுதலோடு மறுபடி மங்கம்மா எதிரில். எதிர்வீட்டு எருமை காணாமல் போய்விட்டது, கிடைக்க வேண்டும். பெரியம்மாவின் முழங்கால் வலி தீர வேண்டும். மாமன் மகள் கோவிந்தம்மாளுக்கு நல்ல மாப்பிள்ளை அமைய வேண்டும். எங்கள் தெருவில் யாருக்கு என்ன குறை என்று நான் அப்போது யோசித்த அளவுக்கு எந்த ஊர்ப் பெரியவரும் யோசித்திருக்க மாட்டார். தனக்கென்று ஒன்றுமே கேட்காத பையன் என்று மற்ற காவடிக்காரர்கள் என்னை மெச்சினார்கள். ஒரு தாயார் தன் குழந்தைக்கு என் கையால் விபூதி பூசச் சொன்னாள். பூசிவிட்டேன்.

காலையில் ரயிலுக்குப் போக வேண்டுமே, அதற்கும் ஒரு வழி வைத்திருந்தேன். காவடி எடுக்கிறவர்கள் வீடு வீடாய்ப் போய் மடிப்பிச்சை கேட்பது வழக்கம். கிடைத்த அரிசியை மடத்துப் பொது உலையில் போட்டு எல்லாரும் சாப்பிடுவார்கள். நான் புத்தகங்களை மஞ்சள் துணியில் கட்டி, "பிச்சைக்குப் போறேங்க" என்று சொல்லிவிட்டு நேராக ஸ்டேஷனுக்கு நடப்பேன். அரக்கோணத்தில் வண்டி மாறி, மணவூர் வரும்போது மணியைக் கழற்றி, திருவள்ளூர் வரும்போது சட்டை போட்டு, பட்டணத்தில் இறங்கும்போது மாணவனாகிவிடுவேன். அவசரத்தில் விபூதியை அழிக்க மறந்துவிடுவது உண்டு. வகுப்பில் நுழைந்தால் பின்வரிசை முழுவதும் ஒரே குரலில் "அரோகரா" என்பார்கள். சரித்திர வாத்தியார் ஒருநாள் பாடத்தை நிறுத்திவிட்டு, "சுவாமிகள் உட்காரலாம்" என்றார்.

சாயங்காலம் திரும்பினால் பிச்சை அரிசி காட்ட வேண்டும். அதற்கும் வழி இருந்தது. வாரம் ஒரு தடவை பாவா நூல் வாங்கத் திருத்தணிக்கு வருவார். அம்மா கொடுத்த அரிசி மூட்டையை ஸ்டேஷனிலேயே அவரிடம் வாங்கிக்கொள்வேன். மடத்துப் பக்கம் அவரை வர விட்டதில்லை. அந்த அரிசியைத்தான் நாளுக்கு ஒரு படியாய்ப் பிச்சை என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். என் வீட்டு அரிசியைத் தானம் செய்துவிட்டு அதையே பிச்சையாய் வாங்கிச் சாப்பிட்ட ஒரே ஆள் உலகத்தில் நான்தான்.

இனிமேல் சொல்வதைச் சிரித்துக்கொண்டே கேட்டாலும் சரி, நம்பிக் கேளுங்கள். நான் வாய்க்கு வந்தபடி கேட்டதெல்லாம் நடக்க ஆரம்பித்தது.

பாவா ஒருநாள் ஸ்டேஷனில் மூட்டையைக் கொடுத்துவிட்டு மூக்கைத் தேய்த்துக்கொண்டு நின்றார். "பொடிய விட்டுட்டேன்டா" என்றார். "எப்படி பாவா?" என்றேன். "எந்தக் கடையிலயும் சரக்கு இல்ல. யுத்தமாம்." அடுத்த வாரம், எதிர்வீட்டு எருமை தானாகத் திரும்பிவிட்டது, கன்றோடு. அது காணாமல் போனதே எனக்குத் தெரியாது. நான் சும்மா சொன்னது. அதற்கடுத்த வாரம், பெரியம்மா முழங்காலைப் பிடித்துக்கொள்ளாமல் கோயிலுக்கு நடந்து போனாளாம். யுத்தம் என்பீர்கள். எருமைக்கு வழி தெரியும் என்பீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேலே இருக்கிறவன் ஒவ்வொன்றாய்க் கேட்டுக்கொண்டிருக்கிறான். நான் சொன்னதைத்தான் கேட்கிறான். சொல்லாததைக் கேட்க மாட்டேன் என்கிறான்.

அதற்குப் பிறகாவது எனக்குப் புத்தி வந்ததா? வரவில்லை. பொய் சொல்லி இடம் பிடித்துவிட்டு, அந்த இடத்தையே எந்த முகத்தோடு அவனிடம் கேட்பது என்று கூச்சமாய் இருந்தது.

பங்குனி பிறந்தது. பரீட்சைக்குப் பத்து நாள்கூட இல்லை. பங்குனி உத்திரத்துக்கு வாலாஜா பக்கத்திலிருந்து ஒரு காவடிக் கூட்டம் மடத்துக்கு வந்தது. வாயாடிக் கூட்டம். உலை வைக்க உட்கார்ந்தவர்கள் எல்லாருடைய பிச்சை அரிசியையும் முறத்தில் கொட்டினார்கள். பிச்சை அரிசி எப்படி இருக்கும்? ஒரு வீட்டில் சிவப்பு, ஒரு வீட்டில் வெள்ளை, ஒரு வீட்டில் புழுங்கல், ஒரு வீட்டில் போன வருஷத்துப் பழசு, நடுவில் கொஞ்சம் கேழ்வரகுகூட இருக்கும். எல்லாருடையதும் அப்படித்தான் இருந்தது. என் அரிசி மட்டும் நைசாய், வெள்ளையாய், ஒரே அளவாய், ஒரு கல் இல்லாமல் கிடந்தது.

அவர்களில் ஒருவன் ஒரு பிடி எடுத்து எல்லாருக்கும் காட்டினான். "ஏம்பா, எல்லா வூட்டிலயும் ஒரே அரிசி வேவுற ஊரு எது? சொல்லு, நாங்களும் போறோம்."

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு வழியில்லாமல். "அது ஒரு நல்ல ஊருங்க" என்றேன்.

அந்த நேரம் பார்த்து வாசலில் பாவா. அன்றைக்குக் காலேஜ் லீவு. ஸ்டேஷனில் என்னைக் காணாமல், விசாரித்துக்கொண்டு மடத்துக்கே வந்துவிட்டார். தலையில் அரிசி மூட்டை. "டேய், அம்மா அரிசி குடுத்தனுப்பிச்சுது. படிக்கிற புள்ளைக்கு நல்ல அரிசியா இருக்கட்டும்னு பொடைச்சுக் குடுத்துது" என்று சொல்லி மூட்டையை முறத்துக்குப் பக்கத்திலேயே இறக்கினார். ஒரு மூலை அவிழ்ந்து கொஞ்சம் கொட்டியது. ஒரே நிறம்.

"பாவா!" என்று என்னை அறியாமல் கத்திவிட்டேன், மங்கம்மா அவரிடம் திரும்பினாள். "நீங்கதான் மூக்குப்பொடியா?"

பாவாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஆங், போட்டுகினு இருந்தேன். ஏங்க?"

விவரம் ஒவ்வொன்றாய் வெளியே வந்தது. காலேஜ், ரயில், எருமை, முழங்கால், எல்லாம். மங்கம்மா எழுந்தாள். உள்ளே போனாள். என் புத்தக மூட்டையைக் கொண்டுவந்து வாசல்படிக்கு வெளியே வைத்தாள். "காவடிக்காரங்களுக்குத்தான் மடம்" என்றாள்.

பாவா என்னைத் தெருக்கோடி வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தார். பொடி இல்லாத கோபமும் சேர்ந்துகொண்டது. பொய்க்குக்கூட அவர் அவ்வளவு திட்டவில்லை. ஒன்றுக்குத்தான் திட்டினார். "ஊரு சமாச்சாரம் மொத்தமும் கேட்டிருக்கே. எருமைக்கு வேண்டிகினே, கிழவி காலுக்கு வேண்டிகினே. நடுத்தெருவில நிக்கிற மடையா, உனக்கு இன்னாடா கேட்டே?"

"ஒண்ணும் கேக்கல பாவா."

"ஏன்?"

எப்போதும் ஒரு கிண்டல் வரும். அன்றைக்கு வரவில்லை. பாவா தலையில் அடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். வீட்டில் என்ன சொல்லட்டும் என்று கேட்டார். சாயங்காலம் வரைக்கும் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினேன். கரி பஸ் எப்படியும் சாயங்காலத்துக்கு முன்னால் புறப்படாது.

மலை ஏறினேன். அந்த மாதங்களில் எத்தனையோ தடவை ஏறியிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் தோளில் காவடி, வாயில் பொய். அன்றைக்குத்தான் வெறுங்கையோடு ஏறினேன். சூரசம்ஹாரம் முடிந்து சுவாமி கோபம் தணிந்து நின்ற மலை அது. என்மேல் இருந்த கோபமும் அங்கே கொஞ்சம் தணிந்திருக்கும் என்று ஒரு நப்பாசை. சந்நிதிக்கு எதிரில் நின்றேன். கற்பூரம் காட்டினார்கள். ஒரு சுலோகமும் நினைவுக்கு வரவில்லை.

"முருகா, படுக்க இடமில்லப்பா" என்றேன். "பரீட்சை முடியிற வரைக்கும் ஒரு இடம் குடு. இது நெஜமா கேக்குறேன்."

அவ்வளவுதான். எனக்கே ஆச்சரியம், இரண்டு வரியில் முடிந்துவிட்டது. பொய் வேண்டுதலுக்குத்தான் நீளமாய்ப் பேச வேண்டியிருந்தது.

இறங்கி வருகிறேன். பாதி வழியில் படிக்கட்டில் ஓர் ஆள் தோளில் காவடியோடு நின்றபடியே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பருத்த உடம்பு. வியர்வையில் விபூதி கரைந்து கண்ணில் வழிந்தது. காவடியைக் கீழே வைக்கக் கூடாது, அது முறை. அவரால் ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. "யாரப்பா அது, கொஞ்சம் தோள் குடு" என்றார்.

நான் அந்த வேலையில் கைதேர்ந்தவன் அல்லவா? என் தோளில் வாங்கிக்கொண்டேன். முகத்தைப் பார்த்தேன். சூளை வேலாயுத முதலியார்.

"அடடே, ஜப்பான் பாஷைத் தம்பி" என்றார். அந்த வாய்த்துடுக்கு அவருக்கு ஞாபகம் இருந்தது.

மறுபடி மலை ஏறினோம். காவடி என் தோளில், அவர் கை என் இடுப்புத் துணியில். "இன்னாங்க வேண்டுதல்?" என்று கேட்டேன். மங்கம்மாவின் கேள்வி என் வாயிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

"வீடுதான் தம்பி. பூட்டிக்கினு வந்துட்டேனா, சூளையில பூட்டு உடைக்கிறானுங்களாம். பக்கத்து வீட்டுல கதவையே பேத்து எடுத்துட்டானுங்க. எங்க வீட்டுல நூலு மூட்டை மூட்டையா இருக்குது. நம்பிக்கையா ஓர் ஆள் உள்ள படுத்தா போதும். எவனைக் கேட்டாலும் குண்டு விழும்ன்றான். தூக்கமே போச்சு. அதான் முருகன்கிட்ட ஓர் ஆள் கேட்டு வந்தேன்."

எனக்குக் கால் அப்படியே நின்றுவிட்டது. அவர் வீட்டுக்கு ஆள் கேட்டு ஏறுகிறார். நான் ஆளுக்கு வீடு கேட்டு இறங்கினேன். ஒரே படியில் இரண்டையும் நிறுத்தி வைத்திருக்கிறான்.

இந்தத் தடவை கிண்டல் பண்ணவில்லை. "நான் படுக்கிறேங்க. எனக்கு இடமில்லீங்க. பரீட்சை முடியிற வரைக்கும் இருக்கேன்" என்றேன்.

அவர் தயங்கினார். "குண்டு விழுந்தா? உங்க நைனாவுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

சரி, ஒன்றே ஒன்று மட்டும் வாயிலிருந்து தப்பிவிட்டது. "விழுந்தா பரீட்சை எழுத வேணாங்க. நைனாவும் என்னைத் திட்ட முடியாது."

அன்றைக்கு முதலியார் சிரித்தார். படியில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார். சாவி அவர் இடுப்பிலேயே இருந்தது. சந்நிதியில் அதை முருகன் எதிரில் வைத்து எடுத்து என் கையில் கொடுத்தார். நான் ஓடியே இறங்கினேன். பஸ் இன்னும் நின்றுகொண்டிருந்தது, அடுப்பு பற்றவில்லை. சாவியைப் பாவாவிடம் காட்டினேன். அவர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அதே சூளை வீடு. அதே மாடி. ராத்திரி இருட்டடிப்பு, விளக்குக்குக் கறுப்புத் துணி கட்டிப் படித்தேன். தெருவில் நாய்கூட இல்லை. ஒரு நாள்கூடப் பயம் தோன்றவில்லை. பரீட்சை எல்லா நாளும் எழுதினேன். முதலியார் வீட்டில் ஒரு நூல் கண்டு குறையவில்லை. மூன்றாம் வகுப்பில் தேறினேன். நைனா அதைத் தறியிடம் சொன்னபோது வகுப்பு எண்ணை மட்டும் விட்டுவிட்டார்.

இப்போது அரக்கோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். விபூதி அழிக்காமலே வகுப்புக்குப் போகிறேன். கோவிந்தம்மாளுக்கு நல்ல மாப்பிள்ளை கேட்டேன் அல்லவா? மாப்பிள்ளை அமைந்துவிட்டது. நான்தான். "நல்ல" என்று கேட்டதில் மட்டும் முருகன் கொஞ்சம் விட்டுக்கொடுத்துவிட்டான் என்று அவள் சொல்கிறாள். எங்கள் வீட்டு மாடியில் இப்போது பட்டணத்துக்கு ரயிலில் போய்ப் படிக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். வேண்டுதல் என்ன என்று நாங்கள் கேட்பதில்லை. பரீட்சை முடியும் வரைக்கும் இருக்கலாம்.

அடியார்களே, இதைப் படிக்கிறவர்களில் யாராவது ஒருவர் இன்றைக்கு ஸ்டேஷன் பெஞ்சில் படுத்திருக்கலாம். பெஞ்சு வேறாய் இருக்கலாம். கடனாய் இருக்கலாம், நோயாய் இருக்கலாம். தணிகைமலையானிடம் சுற்றி வளைக்காதீர்கள். அவனுக்குக் காது நன்றாய்க் கேட்கிறது, பொய்கூடக் கேட்கிறது. எது இல்லையோ அதை நேராகக் கேளுங்கள். இரண்டு வரி போதும்.

போன ஆடிக் கிருத்திகைக்கு நானும் கோவிந்தம்மாளும் போனோம். இந்தத் தடவை நிஜமான காவடி. தங்க இடம் கொடுத்ததற்கு நன்றிக் காவடி. அரக்கோணத்தில் வீடு வீடாய் மடிப்பிச்சை கேட்டேன். என் மாணவர்கள் வீட்டுக்கெல்லாம் போனேன், மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு. அதே மடம். மங்கம்மா அப்படியே இருந்தாள், வெற்றிலை கூட அதே வெற்றிலை போலத்தான் இருந்தது. அவள் காலில் விழாத குறையாய் எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கு நீங்கள் மூட்டையை வெளியே வைக்காவிட்டால் நான் நேராய்க் கேட்டிருக்கவே மாட்டேன், முதலியாரைப் பார்த்திருக்க மாட்டேன், இந்தக் கோவிந்தம்மாள், என் வேலை, எதுவுமே எனக்குக் கிடைத்திருக்காது என்று கண் கலங்கச் சொன்னேன். கடைசியாய் மடியை அவிழ்த்துக் காட்டினேன். சிவப்பு, வெள்ளை, புழுங்கல், பழசு, நடுவில் கேழ்வரகு.

மங்கம்மா அரிசிக்குள் கையை விட்டு ஒரு தடவை அளைந்தாள். என்னைப் பார்த்தாள்.

"மூணு நாள்தான்" என்றாள்.